ஆக்சிஜன் தீர்ந்ததை யார் பார்த்தது?

பிப்ரவரி 9

அன்புள்ள ரசாயனத்துக்கு,

ஆசிரியர் அறையில் நமக்கு வைத்த பட்டப்பெயரிலேயே தொடங்குகிறேன். வேறு எப்படிக் கூப்பிட்டாலும் நீ கடிதத்தை மடித்து ஓரமாக வைத்துவிடுவாயோ என்று பயம். போனை நீ எடுப்பதில்லை. நானும் சளைக்காமல் அடித்துக்கொண்டிருக்கிறேன், அதுவும் சளைக்காமல் அடித்துக்கொண்டிருக்கிறது. அதனால் தபாலை நம்பியிருக்கிறேன்.

இத்துடன் கைந்நூலின் முதல் பகுதி இருக்கிறது. மாணவர்கள் சோதனை அறிக்கை எழுதுவது எப்படி என்று ஒரு சின்னக் கைந்நூல் எழுதித் தரும்படி கல்வி அலுவலகம் நம் இருவரையும் சேர்த்துத்தான் கேட்டது. கேட்டபோது நாம் ஒரே வீட்டில் இருந்தோம். இப்போது நீ அந்த ஊரில், நான் இந்த ஊரில் என்பதற்காக அவர்கள் தேதியைத் தள்ளிப்போடப் போவதில்லை. மாதிரி அறிக்கையாக மெழுகுவர்த்திச் சோதனையை எழுதியிருக்கிறேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துத் திருத்தி அனுப்பு.

சைக்கிள் கடைக்கு மேலே ஓர் அறை எடுத்திருக்கிறேன். டயருக்குக் காற்றடிக்கும் சத்தத்தில் காலையில் விழிப்பு வந்துவிடுகிறது. மேசைக்கு ஒரு கால் குட்டை, பழைய வினாத்தாளை மடித்து முட்டுக்கொடுத்திருக்கிறேன். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எல்லாரும் நல்லவர்கள். ஆய்வக அலமாரியின் சாவி யாரிடம் இருக்கிறது என்பது மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை.

குழந்தைகள் இல்லத்து அம்மாவிடமிருந்து எனக்கும் கடிதம் வந்தது. மார்ச் முடிவதற்குள் நாம் இருவரும் சம்மதம் எழுதிக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் தத்துக்காகக் காத்திருக்கும் வேறொரு குடும்பத்தைக் கூப்பிடுவார்களாம். டிசம்பரில் அந்தப் பெண்குழந்தையைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போதே, இது சரிப்படாது என்று என் மனதில் பட்டதைப் பஸ்ஸில் சொல்லிவிட்டேன். நீ ஒன்றும் பேசவில்லை. ஒத்துக்கொண்டாய் என்று நினைத்துத்தான் இந்த ஒரு பருவத்து வேலைக்கு வந்தேன். நீ என்னோடு பேசுவதைத்தான் நிறுத்தியிருக்கிறாய் என்பது இங்கே வந்தபிறகுதான் உறைக்கிறது.

ராத்திரி வாசல் தாழ்ப்பாளை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுப் படு. அது சரியாக விழுவதில்லை.

பௌதிகம்


பிப்ரவரி 16

அன்புள்ள பௌதிகத்துக்கு,

தாழ்ப்பாளைத் தச்சரைக் கூப்பிட்டுச் சரிசெய்தாயிற்று. நீங்கள் நடையைக் கட்டிய அதே வாரத்தில்.

போனை எடுக்காததற்குக் கோபம் மட்டும் காரணமில்லை. போனில் நான் மூச்சுவிடாமல் பேசி முடித்தால் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு ‘ம்’ வரும். அந்த ‘ம்’முக்கு என்ன அர்த்தம் என்று கல்யாணமான நாளிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறேன். கடிதத்தில் ‘ம்’ என்று எழுதிவிட்டுத் தப்பிக்க முடியாது பாருங்கள். அதனால் இனி கடிதம்தான்.

இங்கே செய்முறைத் தேர்வு நடக்கிறது. விரல் நுனியெல்லாம் வெள்ளி நைட்ரேட் கறை. ஒரு பெண் எல்லாச் சோதனைக்கும் ‘முடிவு: சோதனை இனிதே நிறைவேறியது’ என்று எழுதியிருக்கிறாள். இன்னொருத்தி, ‘கரைசல் நீல நிறமாக மாறியிருக்க வேண்டும்’ என்கிறாள். கடைசி பெஞ்சுக்காரி ஒருத்தி மட்டும், ‘மாறவில்லை. பக்கத்து மேசையில் மாறியது’ என்று எழுதியிருந்தாள். அவளுக்கு முழு மதிப்பெண் போட்டேன். தலைமையாசிரியை என்னை அறைக்குக் கூப்பிட்டு விளக்கம் கேட்டார், சொன்னேன். அரைமனதாகத் தலையாட்டினார்.

இனி உங்கள் எழுத்துக்கு வருகிறேன். முதல் பக்கம் முழுக்க ‘வைக்கப்பட்டது, மூடப்பட்டது, உற்றுநோக்கப்பட்டது’ என்று இருக்கிறது. யார் வைத்தது, யார் மூடியது? ஆய்வகத்தில் ஆளே இல்லையா? பிள்ளைகள் ஏற்கெனவே குடுவையைப் போட்டு உடைத்துவிட்டு ‘குடுவை உடைந்துவிட்டது டீச்சர்’ என்று நிற்பவர்கள். அவர்களுக்கு நீங்கள் வேறு இலக்கணம் சொல்லிக்கொடுக்கிறீர்கள். நான் எல்லாவற்றையும் ‘வைத்தேன், மூடினேன், பார்த்தேன்’ என்று மாற்றியிருக்கிறேன். சண்டைக்கு வருவீர்கள் என்று தெரியும், வாருங்கள்.

அடுத்ததுதான் பெரிய தப்பு. எரியும் மெழுகுவர்த்தியைக் கண்ணாடிக் குவளையால் மூடுகிறோம். காட்சிப்பதிவு என்ற தலைப்பின்கீழ் நீங்கள் எழுதியிருப்பது: ‘குவளைக்குள் இருந்த ஆக்சிஜன் தீர்ந்துபோனதால் சுடர் அணைந்தது.’ ஆக்சிஜன் தீர்ந்ததை யார் பார்த்தது? சுடர் சிறுத்தது, அணைந்தது, குவளையின் உள்பக்கம் மங்கியது. கண்ணால் கண்டது அவ்வளவுதான். மற்றதெல்லாம் நாமாகச் சொல்லிக்கொள்வது. அதுவும் தப்பு, பாதி ஆக்சிஜனுக்கு மேல் மிச்சமிருக்கும்போதே சுடர் அணைந்துவிடும் என்பது உங்களுக்கே தெரியும். கண்டதைக் காட்சிப்பதிவில் எழுது, நினைத்ததை முடிவில் எழுது என்று பிள்ளைகளிடம் தொண்டை வறளக் கத்துகிறோம். வாத்தியாரே இரண்டையும் ஒரே சட்டியில் போட்டுக் கிளறினால் எப்படி?

இல்லத்துக்கு நான் சம்மதம் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஜனவரியிலேயே. உங்களுடையதுதான் பாக்கி.

இப்படிக்கு,
ரசாயனம்


பிப்ரவரி 24

அன்புள்ள ரசாயனத்துக்கு,

மெழுகுவர்த்தி விஷயத்தில் தோற்றேன். நான் படித்த காலத்திலிருந்து எல்லாப் புத்தகத்திலும் அப்படித்தான் இருந்தது என்று சப்பைக்கட்டு கட்டலாம், ஆனால் நீ விடமாட்டாய். நேற்று வகுப்பில் அதையே செய்து காட்டி, கண்டதை மட்டும் எழுதச் சொன்னேன். வந்திருப்பவர்கள் அத்தனை பேரும் நாளைக்கு ஆசிரியர்கள் ஆகப்போகிறவர்கள். ஒருவர் பாக்கியில்லாமல் ஆக்சிஜனைத்தான் எழுதினார்கள். தனியாகத் தோற்கவில்லை என்பதில் ஒரு சின்ன ஆறுதல். ‘வைத்தேன், மூடினேன்’ மட்டும் எனக்கு இன்னும் செரிக்கவில்லை. அறிக்கையில் ‘நான் நான்’ என்று துருத்திக்கொண்டு நிற்பது எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

நீ சம்மதம் கொடுத்துவிட்டாய் என்று படித்ததும் இரண்டு நாள் எதுவும் ஓடவில்லை. என்னவென்று பதில் எழுதுவது? வாயால் சொல்லத்தான் வராது, எழுதவாவது வருமா என்று பார்த்தேன். எனக்குத் தெரிந்த வடிவம் ஒன்றுதான். அதிலேயே எழுதியிருக்கிறேன்.

நோக்கம்: தத்து எடுப்பது நமக்குச் சரிப்படுமா என்று அறிதல்.

தேவையான பொருட்கள்: கணவன் ஒன்று, மனைவி ஒன்று, நான்கு வயதுக் குழந்தை ஒன்று, பிஸ்கட் பொட்டலம் ஒன்று.

செய்முறை: கணவனும் மனைவியும் நீள பெஞ்சில் அமர்த்தப்பட்டனர். குழந்தை அழைத்துவரப்பட்டது. பிஸ்கட் கொடுக்கப்பட்டது. கை நீட்டப்பட்டது.

காட்சிப்பதிவு: குழந்தைக்கு நம்மைப் பிடிக்கவில்லை. குறிப்பாக என்னை.

முடிவு: சரிப்படாது.

நீ சிரிப்பாய் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். எழுதி முடித்தபோது எனக்கே சிரிப்பு வரவில்லை.

பௌதிகம்


மார்ச் 2

அன்புள்ள பௌதிகத்துக்கு,

இருபதுக்கு நான்கு மதிப்பெண். அதுவும் தலைப்புகளை வரிசை மாறாமல் போட்டதற்கு.

நான் சிரிக்கவில்லை. சிவப்பு மையை எடுத்துத் திருத்த உட்கார்ந்தேன், முதல் கோடு போடுவதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கோபத்தில் வந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ‘குழந்தைக்குப் பிடிக்கவில்லை’ என்பதை எந்தக் கண்ணால் பார்த்தீர்கள்? அது காட்சிப்பதிவா? மறுபடியும் ஆக்சிஜன்தான் இது. ஒரே ஒரு தடவை, அரைமணி நேரம்கூட இல்லை, அதை வைத்து ஒரு முடிவு. உங்கள் மாணவன் இப்படி எழுதிக்கொண்டு வந்தால் திருப்பி முகத்தில் வீசமாட்டீர்களா?

அன்றைக்கு நான் கண்டதைச் சொல்கிறேன். பிஸ்கட்டை அவள் வாங்கினாள். தின்னவில்லை. கவுன் பையில் போட்டு, பையின் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். நீங்கள் கை நீட்டியதும் மேசைக்கு அந்தப் பக்கம் போனாள். அங்கே நின்று உங்கள் சட்டைப்பையில் இருந்த பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீட்டிய கை நடுங்கியது. நீங்கள் பயந்துபோயிருந்தீர்கள்.

அந்தக் கடைசி வாக்கியத்தை அடித்துவிடுங்கள். பயந்தீர்களா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. கை நடுங்கியது, நான் கண்டது அதுதான்.

நானும் லேசுப்பட்டவள் இல்லை. நான் பேசாமல் வந்ததைப் பார்த்து ‘ஒத்துக்கொண்டாள்’ என்று நீங்கள் எழுதிக்கொண்டீர்கள் என்றால், நீங்கள் பெட்டி கட்டியதைப் பார்த்து ‘இவருக்கு நானும் வேண்டாம்’ என்று நான் எழுதிக்கொண்டேன். கண்டது என்னவோ பெட்டியை மட்டும்தான். பள்ளிக்கூடத்தில் ஊருக்கே சொல்லிக்கொடுக்கிறோம், வீட்டுக்குள் வந்ததும் இரண்டு பேரும் கோட்டைவிட்டுவிடுகிறோம்.

ஒன்று மட்டும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்தக் குழந்தை வேண்டும். ஏதோ ஒரு குழந்தை இல்லை, பையைப் பொத்திக்கொண்டு நின்ற அந்தக் குழந்தை. நீங்கள் கையெழுத்துப் போடாமலே மார்ச் முடிந்துவிட்டால் நான் என்ன ஆவேன் என்று எனக்குத் தெரியவில்லை. இது மிரட்டல் இல்லை, நிஜமாகவே தெரியவில்லை.

ரசாயனம்


மார்ச் 10

அன்புள்ள ரசாயனத்துக்கு,

அந்த வாக்கியத்தை அடிக்க வேண்டாம், இருக்கட்டும். பயந்துதான் போயிருந்தேன்.

நான் சித்தப்பா வீட்டில் வளர்ந்தது உனக்குத் தெரியும். ஒரு குறையும் வைக்கவில்லை என்று எல்லாரிடமும் சொல்வேன், உன்னிடமும் சொல்லியிருக்கிறேன். அது உண்மைதான். சாப்பாட்டில் முதல் தட்டு எனக்கு. புதுச் சட்டை எனக்கு. ஆனால் சித்தப்பா தன் பிள்ளைகளைத் திட்டுவார், காதைத் திருகுவார், பரீட்சையில் கோட்டைவிட்டால் வீடு இரண்டுபடும். நான் கோட்டைவிட்டால் ‘பரவாயில்லப்பா, அடுத்த தடவ பாத்துக்கலாம்’ என்பார். ஒருநாள் வேண்டுமென்றே அவருடைய மூக்குக்கண்ணாடியைக் கீழே போட்டு உடைத்தேன். அப்போதும் அதையேதான் சொன்னார். விருந்தாளியைத் திட்டமாட்டார்கள் இல்லையா? அன்றைக்குக் கொல்லைப்பக்கம் போய் உட்கார்ந்து அழுதேன்.

அந்தக் குழந்தையிடம் நானும் மரியாதையாக நடந்துகொள்வேனோ என்றுதான் பயம். வேளைக்குச் சாப்பாடு போட்டு, படிக்கவைத்து, ஒரு குறையும் வைக்காமல், கடைசிவரை விருந்தாளியாகவே வைத்திருந்துவிடுவேனோ என்று. அவள் மேசைக்கு அந்தப் பக்கம் போனதும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதிக்குத்தான் ‘குழந்தைக்குப் பிடிக்கவில்லை’ என்று பெயர் வைத்தேன். பழியை நான்கு வயதுப் பிள்ளை மேல் போட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்துகொண்டேன்.

பெட்டியைப் பற்றி எழுதியிருந்தாய். அதைக் கட்டும்போது நீ ‘போகாதீங்க’ என்று சொல்வாய் என்று காத்திருந்தேன். இரண்டு சட்டையை எடுத்து வெளியே வைத்து மறுபடியும் மடித்தேன். நீ அடுப்படியிலிருந்து வரவே இல்லை.

இந்த ஊரிலிருந்து இல்லத்துக்கு நேராகப் பஸ் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நான் மட்டும் போய்விட்டு வரலாமா? போனால் நம்பிக்கை கொடுத்ததாகிவிடும், அப்புறம் மனது மாறினால் அந்தப் பிள்ளைக்குச் செய்கிற பாவம். அதனால் உன்னைக் கேட்காமல் போக மாட்டேன்.

பௌதிகம்


மார்ச் 13

போங்கள். இதற்கெல்லாம் அனுமதி கேட்டால் எப்படி?

பொம்மை, மிட்டாய் எதுவும் வாங்கிப் போகாதீர்கள். சும்மா போய் உட்காருங்கள். வந்தபிறகு கண்டதை மட்டும் எழுதுங்கள், முடிவை என்னிடம் விட்டுவிடுங்கள்.

நீங்கள் பெட்டி கட்டிய அன்றைக்கு நான் கையைத் துடைத்துக்கொண்டு அடுப்படி வாசல்வரை வந்தேன். நீங்கள் பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று கடிகாரத்தைப் பார்த்தீர்கள். திரும்பிவிட்டேன்.

ர.


மார்ச் 19

அன்புள்ள ரசாயனத்துக்கு,

உன் பேச்சுப்படியே ‘நான்’ போட்டு எழுதுகிறேன். கூச்சமாகத்தான் இருக்கிறது, என்ன செய்ய.

நான் இல்லத்துக்குப் போனபோது பிள்ளைகள் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். இல்லத்து அம்மா குழந்தையை அழைத்துவந்து பெஞ்சின் அந்த ஓரத்தில் உட்காரவைத்தார். நான் இந்த ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். பிறகு நான் சட்டைப்பையில் இருந்த பேனாவை எடுத்து நடுவில் வைத்தேன். அவள் நகர்ந்துவந்து எடுத்தாள். மூடியைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள். திடீரென்று மூடியை வாயில் போட்டுக்கொண்டாள்.

“ஏய், வாயில வைக்காத. துப்பு மொதல்ல” என்று அதட்டிவிட்டேன். குரல் உயர்ந்துவிட்டது. சன்னலுக்கு அந்தப்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். குழந்தை மூடியை வெளியே எடுத்து, கவுனில் துடைத்து, என்னிடம் கொடுத்தாள். அழவில்லை. எழுந்து போகவும் இல்லை. முதல் ஒரு மணி நேரத்துக்குள் அவளை நான் திட்டிவிட்டேன் என்பது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குத் தெரியும்.

பெஞ்சிலிருந்து இறங்கி நடந்தபோது ஒரு காலை இழுத்துக்கொண்டே நடந்தாள். வலது செருப்பின் வார் அறுந்திருந்தது. நான் தரையில் உட்கார்ந்து, பையில் இருந்த ஒரு தாளை விரித்து, காலை வைக்கச் சொன்னேன். வைக்கவில்லை. என் காலை வைத்து நானே சுற்றி வரைந்து காட்டினேன். அதைப் பார்த்துவிட்டு வைத்தாள், பென்சில் பட்டதும் கூசிப்போய் இழுத்துக்கொண்டாள், கோடு எங்கோ போய்விட்டது. இன்னொரு தாளில் வரைந்தேன், அதுவும் அப்படியே. மூன்றாவது தாளை நான் விரிப்பதற்குள் அவளே வந்து காலை வைத்துக்கொண்டு நின்றாள். விழாமலிருக்க என் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீங்க எப்பப் போவீங்க?” என்று கேட்டாள்.

இந்தக் கேள்விக்கு இரண்டு அர்த்தம் சொல்லலாம். போய்விடுங்கள் என்பது ஒன்று, போய்விடாதீர்கள் என்பது இன்னொன்று. எது என்று எனக்குத் தெரியவில்லை. முன்னைப்போல் எனக்குத் தோதானதை எழுதிக்கொள்ளப் போவதில்லை. பஸ் வரும்வரைக்கும் இருப்பேன் என்றேன். பஸ் வரும்வரைக்கும் அவளும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

கிளம்பும்முன் அலுவலக அறைக்குப் போய்ச் சம்மதம் எழுதிக் கொடுத்துவிட்டேன். கை நடுங்கியது. இந்தத் தடவையும் பயம்தான். பயத்தோடு சேர்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன். இல்லத்து அம்மா எனக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். பருவம் முடிந்ததும் இங்கே நீட்டிக்கப் போவதில்லை என்று கல்லூரி முதல்வரிடமும் சொல்லியாயிற்று. இல்லை, சொல்லிவிட்டேன்.

அந்த மூன்றாவது தாளை உனக்கு அனுப்புகிறேன், மடிப்பு குதிகால்மேல் விழாமல் பார்த்து மடித்திருக்கிறேன். குதிகாலிலிருந்து பெருவிரல்வரை அளவுகோலால் அளந்து, மில்லிமீட்டர் பிசகாமல் ஓரத்தில் குறித்திருக்கிறேன். அதே அளவுக்கு ஒரு செருப்பு இங்கே கடைத்தெருவில் பார்த்துவைத்திருக்கிறேன், சிவப்பு நிறம். வாங்கட்டுமா?

உன்
பௌதிகம்


மார்ச் 24

அன்புள்ளவருக்கு,

உங்கள் கடிதம் பள்ளி முகவரிக்கு வந்துவிட்டது. ஆசிரியர் அறையில் எல்லார் முன்னாலும் பிரித்துத் தொலைத்தேன். கால் படம் மடியில் விழுந்தது. பக்கத்து நாற்காலி கணக்கு டீச்சர் எடுத்துப் பார்த்துவிட்டு, “இது யாரோட கால் டீச்சர்?” என்று கேட்டார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன், அழுதுவிட்டேன். அவர் பாவம், ஏதோ கெட்ட செய்தி என்று நினைத்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து படத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, பக்கத்தில் என் கையை வைத்துப் பார்த்தேன். என் கை நீளம்கூட இல்லை.

இல்லத்து அம்மாவிடம் நானே பேசினேன். மற்ற வேலையெல்லாம் முடிய மே மாதம் ஆகிவிடுமாம். அதற்குள் வீட்டை வந்து பார்ப்பார்கள். பின்பக்க அறையில் இருக்கும் உங்கள் பழைய கருவிப் பெட்டிகளையெல்லாம் நான் தொடமாட்டேன், நீங்கள் வந்து ஒழித்துக்கொடுங்கள். போன் பண்ணுவதானால் பண்ணுங்கள், எடுக்கிறேன். ‘ம்’ என்றாலும் பரவாயில்லை.

கைந்நூலை அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன். நீங்கள் அப்புறம் அனுப்பியிருந்த ‘எத்தனை முறை அளப்பது’ பகுதியில் உங்கள் வார்த்தைகளையே வைத்திருக்கிறேன், நன்றாக எழுதியிருந்தீர்கள்.

செருப்பு சிவப்பிலேயே இருக்கட்டும். ஆனால் உங்கள் மில்லிமீட்டர் கணக்கைக் கடைக்காரரிடம் நீட்டாதீர்கள். நீங்கள் அளந்தது மார்ச் மாதத்துக் கால், அவள் வீட்டுக்கு வரும்போது செருப்பு கடிக்கும். பிள்ளைகளுக்கு எப்போதும் ஒரு அளவு பெரிதாகத்தான் வாங்க வேண்டும். நம் பெண் வளருவாள்.

உங்கள்
ரசாயனம்